சாம்பல் நிறப் பட்டன்

மார்ச் 4

பிரௌசர்காரருக்கு,

வணக்கம். உங்கள் பிரௌசரில் மின்னஞ்சல் பக்கம் திறக்கவில்லை. திறக்கிறது, உடனே வெள்ளையாகிவிடுகிறது. ஆகவே தபாலில் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் 'ம்' என்பீர்கள், நானும் 'ம்' என்பேன். பிறகு யார் முதலில் வைப்பது என்று புரியாமல் இருவரும் பேட்டரி தீரக் காத்திருப்போம்.

ஜனவரியில் பெட்டியோடு வெளியூர் கிளம்பும்போது என் லேப்டாப்பில் இதை ஏற்றிவிட்டு, "ஒரு வருஷம் இதை மட்டும் யூஸ் பண்ணிப் பாரு, எதுக்காக வேலையை விட்டேன்னு புரியும்" என்றீர்கள். சரி என்றேன். மறுப்பதற்குத் தெம்பு இல்லாததால் சொன்ன சரிதான், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். மற்ற பிரௌசர்களை அன்றைக்கே அழித்துவிட்டேன். இது சோதனைப் பதிப்பு, எது வேலை செய்யவில்லையோ அதை எழுது என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

வங்கிப் பக்கம் என்னை உள்ளே விடுவதில்லை. 'தாங்கள் பயன்படுத்தும் பிரௌசர் எங்களுக்குப் பரிச்சயமானதல்ல' என்கிறது. எனக்கும் அப்படித்தான் என்று பதில் எழுத அங்கே இடமில்லை. வங்கிக்கு நடந்து போகிறேன். வானிலைப் பக்கத்தில் போன வாரத்து மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. வீடியோக்களில் வாய் அசைந்து ஓய்ந்த பிறகு குரல் வருகிறது. செய்திகளுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

குடும்ப நீதிமன்றத்தின் பக்கத்தில், பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவின் கடைசியில் இருக்கும் 'சமர்ப்பிக்க' என்ற பட்டன் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. அழுத்தினால் அழுந்துவதில்லை. மற்ற இடங்களை எல்லாம் பூர்த்தி செய்துவிட்டேன்.

பிரௌசரின் அடையாளப் படம் பறவை என்று சொன்ன ஞாபகம். செருப்பு மாதிரி இருக்கிறது.

மற்றபடி நலம்.

— லேபிலிருந்து


மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. மிக உபயோகமாக இருந்தது. மின்னஞ்சல் வெள்ளையாவது எங்களுக்குத் தெரிந்த கோளாறு, வேலை நடக்கிறது. வானிலை சரியாகிவிட்டது. ஒரு முறை பார்த்த பக்கத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தோம், இனி புதிதாகக் கேட்டு வாங்கிக் காட்டும். வங்கிகளுக்கு எழுதியிருக்கிறோம். வங்கிகள் பதில் எழுதுவதில்லை. படம் பறவைதான். வரைந்தவரிடம் செருப்பு விஷயத்தைச் சொல்லவில்லை, சம்பளம் வாங்காமல் வரைந்தவர்.

மனு விஷயம். நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என்னிடம் பட்டன் நீலமாகிறது. ஆகவே சில கேள்விகள். உன்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு? மவுஸா, விரலா? பட்டனுக்கு மேலே நிபந்தனைகள் அடங்கிய ஒரு பெட்டி இருக்கிறதே, அதைக் கடைசிவரை கீழே இழுத்தாயா? கடைசி வரியைத் தொட்டால்தான் பட்டன் விழிக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்விகளை எழுதி முடித்த பிறகுதான் அது என்ன மனு என்பது எனக்கு உறைத்தது. நம்புவாயோ என்னவோ, உன் கடிதத்தில் முதலில் பட்டனைத்தான் படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது முன்னால் இருந்த வார்த்தைகளும் கண்ணில் பட்டன. என் அறைக்குக் கீழே டயர் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, கேட்கவில்லை. கோபமாக இருந்தால் அதையாவது எழுது.

— நான்


மார்ச் 19

பிரௌசர்காரருக்கு,

பதிப்பு 0.8. மவுஸ். பெட்டியைக் கடைசிவரை இழுத்தேன். படித்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள். மூன்று தடவை இழுத்தேன். சாம்பல்.

கோபம் பற்றி. இதையே உங்கள் அம்மாவும் போனில் கேட்டார்.

"ஏம்மா, அவன் மேல கோவமா இருக்கியா?"

"இல்ல அத்தை."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பாத்திரத்தை டொம்முன்னு வைக்கிறது, கதவைப் படார்னு சாத்துறது, அந்த மாதிரி?"

"அதெல்லாம் இல்ல அத்தை. மெதுவாத்தான் சாத்துறேன்."

"ஐயோ," என்று அழ ஆரம்பித்துவிட்டார். கோபமாக இருந்தால் பலகாரம் செய்து அனுப்பியிருப்பார் போலிருக்கிறது. கோபம் இருக்கிறவள் திரும்பி வருவாள், இல்லாதவள் வர மாட்டாள் என்பது அவர் கணக்கு. அதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபரில் சமையலறைக் குழாய் வெடித்த அன்று உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். "சார் வேலையை விட்டு நாலு மாசம் ஆச்சே மேடம், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "தெரியும், மறந்துட்டேன்" என்றேன். அவளுக்கு என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. வைத்துவிட்டு, பிளம்பரிடம் இன்னொரு வாளி வேண்டுமா என்று கேட்டேன். சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே மீட்டிங்" என்றீர்கள்.

இதோ இப்போது கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. லேபில் ரத்தம் எடுக்கும்போது சிலர் வலிக்கப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். ஊசியை எடுத்து, பஞ்சும் வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நான்கு மாதம் போன இடம் பொது நூலகம் என்றும், அங்கே உட்கார்ந்து முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து பிரௌசர் எழுதினீர்கள் என்றும் பிறகு சொன்னீர்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். யாருக்கும் சொந்தமில்லாத பிரௌசர், எழுதுகிற ஒவ்வொரு வரியையும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று விளக்கினீர்கள். நல்ல கொள்கை. வீட்டில் இருந்தவளுக்கு மட்டும் ஒரு வரியும் காட்டவில்லை.

மனு கோபத்தில் போட்டது அல்ல. லேபில் ரத்த மாதிரி கெட்டுப்போனால் அப்படியே கொட்டிவிட மாட்டோம், கெட்டுப்போனது என்று பதிந்துவிட்டுத்தான் கொட்டுவோம். அவ்வளவுதான். 'பிரிவுக்கான காரணம்' என்ற இடத்தில் 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று எழுதினேன். பக்கம் ஏற்றுக்கொண்டது.

நேற்று பிரௌசர் தானாக மூடிக்கொண்டது. மூடும்போது 'மன்னிக்கவும், தவறு எங்களுடையது' என்று எழுதிக் காட்டியது. இந்த வீட்டில் அதை முதலில் சொன்னது அதுதான்.

— லேபிலிருந்து


மார்ச் 30

அன்புள்ள உனக்கு,

அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். பிரௌசர் விழும்போது என்ன சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தபோது என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். இயந்திரத்துக்கு எழுதிக் கொடுப்பது எளிதாக இருக்கிறது.

உன் பட்டனைப் பற்றிச் சொல்கிறேன். கோளாறு எங்கள் கண்ணில் படும்வரை அதைத் திருத்த முடியாது. ஆகவே நீதிமன்றப் பக்கத்தின் நகல் ஒன்றைச் செய்து எங்கள் கணினியில் வைத்தேன். அதில் எத்தனை முறை சமர்ப்பித்தாலும் எந்த நீதிமன்றத்துக்கும் போகாது. நான் அதில் பதினைந்து இருபது தடவை விவாகரத்து செய்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் பட்டன் நீலமாகி, 'தங்கள் மனு வெற்றிகரமாக ஏற்கப்பட்டது' என்றது. 'வெற்றிகரமாக' என்று எழுதியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்னால் பட்டனைச் சாம்பலாக்க முடியாததால் குழுவில் இருக்கிறவர்களையும் முயன்று பார்க்கச் சொன்னேன். யாருடைய மனு என்று சொல்லவில்லை, ஒரு பயனர் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். எங்கள் குழுவில் பலருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் கடமை உணர்ச்சியோடு செய்தார்கள். காரணம் என்ற இடத்தில் ஏதாவது எழுதாமல் பக்கம் நகராது அல்லவா. ஒருவர் 'குறட்டை' என்று எழுதினார். ஒரு பெண் 'அவர் அம்மா' என்று எழுதினாள், அவளும் கல்யாணம் ஆகாதவள்தான். எங்கள் தலைவர் தாடிக்காரர் 'காரணம்' என்றே எழுதினார், பொறியாளர். இன்னொருவர் இல்லாத மனைவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு மறுநாள் வேலைக்கு வரவில்லை. எல்லாருக்கும் பட்டன் நீலம்.

நான் என்ன எழுதினேன் என்று நீ கேட்க மாட்டாய். முதல் தடவை 'அஆஇஈ' என்று எழுதினேன். பிறகு வேறு எழுதினேன். பிறகு மறுபடி 'அஆஇஈ'.

உன்னிடம் மட்டும் ஏன் சாம்பல்? வீட்டு லேப்டாப்பில் நான் போன பிறகு எதையாவது மாற்றினாயா? எதுவாக இருந்தாலும் எழுது.

— நான்


ஏப்ரல் 12

பிரௌசர்காரருக்கு,

எதையும் மாற்றவில்லை. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உங்கள் கையெழுத்து. தயவுசெய்து பெரிதாக எழுதுங்கள். பிரௌசரிலாவது எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படித்துவிடுகிறேன், உங்கள் கையெழுத்தை எந்தப் பட்டனை அழுத்திப் பெரிதாக்குவது? போன கடிதத்தை லேபுக்கு எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரமாகப் பிடித்துப் படித்தேன்.

சீனியர் பார்த்துவிட்டார். "நீ படிக்கலம்மா, லெட்டரைத் தொரத்துற," என்றார். "கை நீட்டுற தூரத்துக்கும் மேல போயிடுச்சு. கண்ணாடி போடு."

"மைக்ராஸ்கோப்ல நல்லாத்தான தெரியுது?"

"மைக்ராஸ்கோப்ல திருகி வெச்சுக்கலாம். லெட்டர்ல திருகு ஏது?"

அவருக்குத்தான் மனு விஷயமும் தெரியும். இத்தனை நாளாகப் பட்டனுக்காகக் காத்திருக்கிறேன் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"என் போனைப் புடி. ரெண்டு நிமிஷம். முடிச்சுட்டு சாப்பிட வா."

"இல்ல சீனியர், அந்த பிரௌசரை மட்டும்தான் யூஸ் பண்றதா வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அவருக்கு."

"இரு. விவாகரத்து பண்ணப்போற ஆளுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தறதுக்காக விவாகரத்தைத் தள்ளிப்போடுற. அப்படித்தான?"

"ஆமா."

சீனியர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். சந்தேகமான மாதிரியை இரண்டாவது முறை சோதிக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு கை கழுவப் போய்விட்டார்.

அவர் நினைப்பது போல உள்ளே ஆசையை ஒளித்து வைத்துக்கொண்டு நாள் கடத்தவில்லை. ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. வாக்கு மாறுவது உங்கள் இலாகா, நான் அதில் தலையிட விரும்பவில்லை.

வானிலை இப்போது அன்றன்றைக்கு வருகிறது. நன்றி.

— லேபிலிருந்து


ஏப்ரல் 20

அன்புள்ள உனக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! (பெரிதாக எழுதியிருக்கிறேன். தாள் நிறையச் செலவாகிறது.)

நீ எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எழுந்துபோய் நகல் பக்கத்தில் எழுத்தை ஒரு படி பெரிதாக்கினேன். நீலம். இரண்டாவது படி. பெட்டியைக் கடைசிவரை இழுத்தேன். பட்டன் சாம்பல்! இன்னும் இழுத்தேன். சாம்பல்! அறையில் தனியாக நின்று கத்திவிட்டேன். டயர் கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார்.

"என்ன சார், வேலை கெடச்சிடுச்சா?"

"இல்லைங்க. என் மனைவியோட விவாகரத்து ஏன் நகராம நிக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"ரொம்ப நல்லது சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் மாடிப் பக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். திரை முழுக்க சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. எழுத்தைப் பெரிதாக்கும்போது கணக்கு முழுப் புள்ளியில் நிற்காது, பின்னமாக வரும். நீ பெட்டியின் அடிவரை இழுத்துவிடுகிறாய். ஆனால் எங்கள் பிரௌசர் அரைப் புள்ளி குறைத்துச் சொல்கிறது. நீதிமன்றப் பக்கம் கறாரானது. அரைப் புள்ளி பாக்கி இருக்கிறது, இந்த அம்மாள் இன்னும் கடைசிவரை படிக்கவில்லை என்று முடிவுகட்டிப் பட்டனைப் பூட்டியே வைத்திருக்கிறது. தவறு எங்களுடையது. திருத்தம் ஒரே ஒரு வரி. எழுதிவிட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேலாக உலகத்தில் இருக்கிற எல்லாக் காரணங்களையும் யோசித்தேன். உனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் என்பது மட்டும் தோன்றவில்லை. எப்போதிலிருந்து? நான் இருந்தபோதேவா? சாப்பாட்டு மேஜையில் நீ மருந்துச் சீட்டை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோவது ஞாபகம் வருகிறது. விளக்கைத்தான் மாற்றினேன்.

வரி தயார். ஆனால் நான் எழுதினால் மட்டும் போதாது, குழு ஏற்றுக்கொண்டு புதுப் பதிப்பில் சேர்த்தால்தான் உன் லேப்டாப்புக்கு வரும். தாடிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

— நான்


ஏப்ரல் 29

பிரௌசர்காரருக்கு,

கண் எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கண்ணாடி வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் வீடு நான் நினைத்ததைவிட அழுக்காக இருக்கிறது. கழற்றி வைத்துவிட்டேன். லேபில் மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

அரைப் புள்ளி விளக்கத்தைச் சீனியருக்குப் படித்துக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு நாளு?" என்றார்.

புதுப் பதிப்பு எப்போது வரும்? அவசரம் இல்லை. தெரிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

— லேபிலிருந்து


மே 14

அன்புள்ள உனக்கு,

புதுப் பதிப்பு நேற்றே வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்ததும் 'புதுப்பிக்கவா' என்று கேட்கும். சரி என்று சொல். பட்டன் நீலமாகும்.

இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக் கூடாதுதான். எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கூட்டம் திரையில் நடக்கும். எட்டுச் சதுரம், எட்டு முகம். தாடிக்காரரைத் தலைவர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இங்கே எல்லாரும் சமம் என்பார், பிறகு அவர் சொன்னது நடக்கும். உன் கோளாறு நிகழ்ச்சி நிரலில் கடைசியில் வந்தது.

"ஒரே ஒரு யூசர்," என்றார் தாடிக்காரர். "ஒரே ஒரு பேஜ். அதுவும் எழுத்தைப் பெருசு பண்ணினா மட்டும். வருஷக் கடைசிப் பதிப்புல பாத்துக்கலாம்."

"முடியாது," என்றேன். அந்தக் குழுவில் நான் அந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல் தடவை. மற்ற ஏழு சதுரத்திலும் தலைகள் நிமிர்ந்தன.

"ஏன், தலை போற அவசரமா?"

"அந்த யூசர் காத்திருக்காங்க."

"விவாகரத்துக்குத்தான? வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்கட்டுமே. மனசு மாறினாலும் மாறும். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வெச்ச புண்ணியம் நம்ம ப்ராஜெக்டுக்கு."

"மனசு மாறணும்னா தானா மாறட்டும். பட்டன் கெட்டுப்போனதால மாறக் கூடாது."

அங்கிருந்து முக்கால் மணி நேரம் வாதாடினேன். அரைப் புள்ளிக் கணக்கைப் படம் போட்டுக் காட்டினேன். வயதானவர்கள், கண் மங்கியவர்கள் என்று பட்டியல் போட்டேன். ஒரு மனுஷியை வாசல்வரை வரவிட்டு, இன்னும் வரவில்லை என்று சொல்வது நம் கொள்கையா என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் 'அவர் அம்மா' என்று எழுதிய அந்தப் பெண் கேட்டாள்:

"இவ்வளவு பேசறீங்களே சார், அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் மனைவி."

கொஞ்ச நேரம் கழித்துத் தாடிக்காரர், "எல்லாரும் மியூட்ல இருக்கீங்களா?" என்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. சம்பந்தப்பட்டவன் என்பதால் நான் வாக்களிக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு, நம் பக்கம் ஜெயித்தது. தாடிக்காரர் வாழ்த்துச் சொன்னார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, இருவரும் நன்றி சொல்லிக்கொண்டோம்.

வருஷக் கடைசிவரை தள்ளிப்போயிருந்தால் எனக்கு வசதி. அதனால்தான் விட முடியவில்லை. நீ சமர்ப்பித்ததும் என் சம்மதம் கேட்டு எனக்குத் தகவல் வருமாம். வந்ததும் செய்துவிடுகிறேன். தாமதம் என் பக்கம் இருக்காது.

— நான்


மே 22

முக்கால் மணி நேரம்!

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன், உட்கார்ந்து படித்தேன், பிறகு சமையலறையில் இருந்த பெரிய பாத்திரத்தை எடுத்துத் தரையில் போட்டேன். கை தவறி விழவில்லை. போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "ஏதாவது விழுந்துச்சா?" என்றார். "இல்ல, போட்டேன்" என்று அவரிடமும் சொன்னேன்.

நாலு மாதம். வாயைத் திறந்து 'வேலையை விட்டுட்டேன்' என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். கண்ணாடி இல்லாமலே நான் கேட்டிருப்பேன். அது உனக்கு வரவில்லை. இப்போது ஏழு பேரை உட்கார வைத்து, படம் போட்டுக் காட்டி, கொள்கை பேசி, முக்கால் மணி நேரம் வாதாடியிருக்கிறாய். எதற்கு? நான் உன்னை விட்டுப் போவதற்கு! அதில் ஜெயித்தும் இருக்கிறாய்! ஜெயித்ததை எனக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறாய், 'நம் பக்கம்' என்று! எது நம் பக்கம்? எனக்காக ஒரு ஆளிடமாவது 'முடியாது' என்று சொல்ல மாட்டாயா என்று எத்தனை வருஷம் இருந்தேன் தெரியுமா? சொல்லிவிட்டாய். இதற்காகச் சொன்னாய்.

இன்னொன்று. தினமும் காலையில் உன் சட்டைக்கு இஸ்திரி போட்டது யார்? நான். காலருக்கு உள்பக்கம் முதலில், பிறகு வெளிப்பக்கம். நூலகத்தில் உட்கார மடிப்புக் கலையாத சட்டை எதற்கு? அங்கே உன்னை யார் பார்த்தார்கள், அகராதிகளா? மழை கொட்டிய அன்று ஆபீசுக்கு நேரமாகிறது என்று என் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாயே, நூலகம் எந்த ஊரில் நேரம் பார்த்துச் சம்பளத்தைப் பிடிக்கிறது? நான் நனைந்துகொண்டே லேபுக்குப் போனேன். அப்போது வர வேண்டிய கோபம் இப்போது வருகிறது. எல்லாம் சேர்ந்து வருகிறது. லேபில் இன்று யாருக்கோ ஊசியை அழுத்திக் குத்திவிட்டேன். சீனியர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். போகும்போது, "அப்பாடா" என்றார். எதற்கு அப்பாடா என்று அவர் மேலும் கோபம்.

இனி மனு. புதுப் பதிப்பை ஏற்றினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ எனக்காகச் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த பெட்டி அல்லவா, இந்தத் தடவை படித்தேயாவது பார்ப்போம் என்று முதல் வரியிலிருந்து படித்தேன். கடைசிப் பத்தியில் இப்படி இருக்கிறது: 'இம்மனுவை எவருடைய வற்புறுத்தலுமின்றி, கோபத்தின் வயப்படாமல், நிதானமான மனநிலையில் சமர்ப்பிக்கிறேன் என உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே பட்டன். நல்ல நீலம்.

மார்ச்சில் அழுத்தியிருந்தால் அது உண்மை. ஏப்ரலிலும் உண்மை. போன திங்கட்கிழமை காலைவரை உண்மை. தபால்காரர் வந்த பிறகு உண்மை இல்லை. பொய் உறுதிமொழி கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆகவே அழுத்தவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன், படார் என்று.

இதைப் பார்த்து சந்தோஷப்படாதே. நிதானம் வந்த அன்றைக்கு அழுத்துவேன். வரட்டும். வருகிற மாதிரி தெரியவில்லை, மூன்று நாளாகக் கூடிக்கொண்டுதான் போகிறது. உன் அம்மாவுக்குப் போன் செய்து உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவர் இடையிடையே "சொல்லும்மா, இன்னும் சொல்லு" என்று ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தார்.

இதற்குமேல் எழுதினால் கை வலிக்கும். மீதியை நேரில்தான் திட்ட வேண்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை எனக்கு லீவு. காலை பஸ்ஸைப் பிடித்து வந்து சேர். தாடிக்காரரிடம் என்ன பொய் சொல்லி லீவு கேட்பாயோ எனக்குத் தெரியாது, உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்.

வரும்போது சாப்பிட்டுவிட்டு வா. உனக்குச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன் என்று நினைக்காதே.